ஒரே அச்சு, ஒரே ஃபிரேம் என்பது சரியல்ல
மேலே ஒருவர், சீனாவிலிருந்து மலிவாக வரும் கார்பன் சைக்கிள் ஃபிரேம்கள் எல்லாம் பெரிய நிறுவனங்களின் அச்சிலேயே (மோல்டு) உருவானவை, ஆகவே பெயர் மட்டும்தான் வேறு என்று எழுதியிருக்கிறார். இதில் பாதிதான் உண்மை. பெயர்பெற்ற பல நிறுவனங்களின் ஃபிரேம்கள் சீனாவிலும் தைவானிலும் தயாராவது சரிதான். ஆனால் அந்த அச்சுகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. நமக்கு மலிவாகக் கிடைப்பவையோ, பெரும்பாலும் எந்த விற்பனையாளரும் வாங்கி விற்கக்கூடிய பொது அச்சில் வந்தவை. அதோடு, அச்சு தருவது வெளி வடிவத்தை மட்டுமே. கார்பன் இழைத்தாள்களை எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்காக இடுகிறார்கள் என்பதே வலிமையையும் விறைப்பையும் தீர்மானிக்கிறது, அது பெயின்ட்டுக்கு அடியில் நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை (நான் ஓட்டுவதும் அப்படியொன்றுதான்). சைக்கிள்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 4210-இன் சோதனை அறிக்கையை, அதுவும் வாங்கப்போகும் அதே மாடலுக்கானதை, கேட்டுப் பாருங்கள்.

கார்பன் ஃபிரேமில் சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு) இறங்கினால் கிரீஸ் பூசி நன்றாக முறுக்க வேண்டும் என்று அவர் சொன்னது முற்றிலும் தவறு. கிரீஸ் வழுக்கலைக் கூட்டும்; அதற்கு ஈடாக மேலும் முறுக்கினால் குழாயில் விரிசல் விழலாம். பொடிமணல் போல் நறநறக்கும் கார்பன் பேஸ்ட்டைப் பூசி, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், போஸ்ட்டைப் பிடிக்கும் கிளாம்பில் குறித்திருக்கும் அளவுக்கு, பல ஃபிரேம்களில் அது 5 நியூட்டன் மீட்டர்தான், இறுக்கினாலே போஸ்ட் நிற்கும்.