திருவாதிரைப் பிள்ளைக்குக் ‘கு’வில் ஒரு பெயர்

கடந்த மாதம் எங்கள் அண்ணன் மகளுக்குத் திருவாதிரை நட்சத்திரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. திருவாதிரைக்கு உரிய எழுத்துகள் கு, க, ங, ச என்று கோயில் ஐயர் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். ‘கு’வே சிறந்தது என்று பெரியவர்கள் முடிவு செய்ய, ஹட்டனில் இருப்பவர்களும் கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெயர் தேடத் தொடங்கினார்கள். (ங-வில் தொடங்கும் பெயரோடு ஒருவரை இந்த வயதுவரை நான் சந்தித்ததில்லை.) குமுதினி, குஷாலினி, குஷ்மிதா, குவேந்தினி என்று இரண்டு நாட்களில் முப்பதுக்கு மேல் பெயர்கள் வந்தன. அவற்றில் பாதிக்கு என்ன பொருள் என்று அனுப்பியவர்களுக்கே தெரியாது.

எங்கள் குடும்பத்தில் ‘கு’வில் தொடங்கும் பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் அப்பாயியின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், பெயர் குப்பாயி. நான் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். சற்று நேரம் குழுவில் சத்தமே இல்லை. பிறகு அண்ணன் மகன் எழுதினான்: “சித்தப்பா, பிள்ளை பள்ளிக்கூடம் போக வேணாமா?”

அவன் கேட்டதில் தவறில்லை. குப்பை என்ற சொல்லைச் சுமந்துகொண்டு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டவுடன் எங்கள் பிள்ளைகளுக்கு வரும் சிரிப்பும், எங்கள் வயதுக்காரர்களுக்கு வரும் கூச்சமும் அதன் கதை தெரியாததால் வருபவை என்பதே என் கருத்து. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

அப்பாயி இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே தொழிலாளியாகப் பேர் பதிந்து, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முன்னே பிறந்த மூன்று பிள்ளைகள் ஒரு வயதைத் தாண்டாமல் போய்விட்டார்கள். நான்காவதாக இவர் பிறந்ததும், லயத்துக்குப் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் சாம்பலும் கூட்டிய குப்பையும் கொட்டுகின்ற மேட்டில் ஒரு முறத்தில் வைத்துக் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) இருந்த ஒரு பெண், கேட்பாரற்ற பிள்ளையைக் கண்டெடுத்தவள்போலத் தூக்கிக்கொண்டு வந்து, பெற்றவளிடமே ‘விற்று’விட்டுப் போனாளாம். எங்கள் முன்னோரின் தமிழ்நாட்டு ஊர்களில் இதற்குத் தவிடு கொடுப்பது வழக்கம். தோட்டத்து லயத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? ஒரு சுண்டு அரிசி கொடுத்தார்கள். அப்படிக் குப்பையிலிருந்து வந்தவளுக்குக் குப்பாயி என்று பெயர் வைத்தார்கள்.

இதில் இருப்பது ஒரு தந்திரம். அருமையான பிள்ளை என்று தெரிந்தால் எமன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வேண்டாமென்று வீசப்பட்டது, யாரோ விற்றது என்று நினைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆகவே எவ்வளவுக்கெவ்வளவு பிள்ளை வேண்டுமோ, அவ்வளவுக்கவ்வளவு பெயரைத் தாழ்த்தி வைத்தார்கள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லித் தவிடன் என்றார்கள். கடவுளிடம் இரந்து பெற்றதாகச் சொல்லிப் பிச்சை என்றார்கள். தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று இது. தெலுங்கில் ‘பெண்ட்ட’ என்றால் குப்பைமேடு. பெண்ட்டய்யா, பெண்ட்டம்மா என்ற பெயர்கள் அங்கே உண்டு. மராத்தியில் குப்பையைக் குறிக்கும் கச்ரா என்ற சொல்லிலிருந்து கச்ரு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எல்லா மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே யோசனையைத்தான் செய்திருக்கிறார்கள்.

சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். பழந்தமிழில் குப்பை என்பதற்குக் குவியல் என்றும் பொருள். நெல்லைக் குவித்து வைத்தாலும் அது குப்பைதான். காரைக்குடிப் பக்கத்தில் நெற்குப்பை என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. குறுந்தொகையில் 305ஆம் பாட்டைப் பாடிய புலவருக்குக் குப்பைக்கோழியார் என்று பெயர். சண்டைக்கு ஏவுவாரும் விலக்குவாரும் இல்லாமல் குப்பைமேட்டில் தாமாகவே பொருது தாமாகவே ஓயும் கோழிகளைத் தலைவியின் காம நோய்க்கு உவமையாக்கிய அழகினால், அந்த உவமையே அவருக்குப் பெயராயிற்று. குப்பையைத் தலையில் தாங்கிய அந்தப் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளாக ‘ஆர்’ விகுதி சேர்த்து மரியாதையோடுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் தோழர் ஒருவர் குறுக்கிட்டு, இதெல்லாம் அடக்கப்பட்ட மக்கள்மீது திணிக்கப்பட்ட இழிபெயர் அல்லவா என்று கேட்பார் என்பது தெரியும். சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் கேட்டும் விட்டார். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். சூத்திரனின் பெயர் இழிவைக் காட்டுவதாக இருக்கவேண்டும் என்று மனுதர்மம் வெளிப்படையாகவே விதிக்கிறது. சாமி என்றோ ஐயா என்றோ முடியும் பெயரைச் சொல்லி அழைக்க மறுத்து, அதை ‘அன்’ என்று குறுக்கிக் கூப்பிட்ட கங்காணிகளின் கதைகள் எங்கள் வீடுகளிலும் உண்டு. ஆனால் குப்பை என்ற பெயரை அந்தக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. தியாகராஜ சுவாமிகளின் மாணாக்கர்களுள் பெரிய வித்துவானாக விளங்கியவர் வீணை குப்பையர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். அக்கிரகாரத்திலும் முதலியார் வீட்டிலும் விரும்பி வைத்த பெயரை யாரும் திணித்திருக்க முடியாது. குழந்தைச் சாவு எல்லா வீதிகளிலும் நடந்தது; பெயரும் எல்லா வீதிகளிலும் இருந்தது.

வேறுபாடு பிறகு வந்தது. ஆண்களின் பெயர் சாமியைச் சேர்த்துக்கொண்டு குப்புசாமியாகி, நாளடைவில் குப்பையின் வாசனையே இல்லாமல் தப்பித்துவிட்டது. உத்தியோகத்தர்களாகவும் தொழிற்சங்கத் தலைவர்களாகவும் குப்புசாமிகள் இருக்கலாம், யாரும் சிரிப்பதில்லை. கூகுள் நிறுவனத்தை நடத்துபவரின் பெயரில் பிச்சை இருக்கிறது. உலகமே அதைச் சொல்கிறது. பெண்ணின் பெயரான குப்பாயி மட்டும் கொழுந்துக் கூடையோடு மலையிலேயே நின்றுவிட்டது. ஆயி என்றால் தாய். அதைவிட உயர்ந்த விகுதி நம்மிடம் வேறென்ன இருக்கிறது? ஆயினும் கருப்பாயி, வீராயி, ராக்காயி, குப்பாயி என்று ஆயியில் முடிந்த எல்லாப் பெயர்களையும் நகைச்சுவைக் காட்சிகளுக்கு உரியவை ஆக்கிவிட்டோம்.

திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்களோடு இந்தப் பெயர்கள் கடல் தாண்டின. தோட்டங்களில் அவை நீடித்ததற்குக் காரணம், அவற்றைப் பிறப்பித்த காரணமும் நீடித்தமையே ஆகும். பத்தடிக் காம்பரா, புகை, குளிர், பிள்ளை பெற்ற சில வாரங்களில் மலையேற வேண்டிய தாய். இலங்கையின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் குழந்தை இறப்பு நெடுங்காலம் உயர்ந்தே இருந்தது. மருத்துவிச்சியும் தடுப்பூசியும் வந்து பிள்ளைகள் தங்கத் தொடங்கியதும் எமனை ஏமாற்றும் தேவை இல்லாமல் போயிற்று. இன்று எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

எனக்குள்ள வருத்தம் வேறு. இருந்த பெயர்களையும் நாங்கள் அழித்துக்கொண்டு வருகிறோம். அப்பாயி தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) குப்பாயி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் யாரோ ஆங்கிலத்தில் எழுதி இன்னொருவர் தமிழுக்குத் திருப்பியதால் குப்பி. மலையகத் தமிழரிடமிருந்து 1948இல் பறிபோன குடியுரிமை அவருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே கிடைத்தது. அதன் பிறகு எடுத்த தேசிய அடையாள அட்டையில், கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டும் என்று நாங்களே கொடுத்த பெயர் குப்பம்மா. சேமலாப நிதியை (ஊழியர் சேமநிதியை) பெறப் போனபோது மூன்று பெயரும் ஒருவருடையதா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டு, பல மாதங்கள் அலையவிட்டார்கள். சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடித்துக் கொடுத்த பின்பே பணம் கிடைத்தது. அந்த அலுவலரை இன்றுவரை நான் திட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுதான், மூன்றாவது பெயரை உண்டாக்கியவர்கள் நாங்கள் என்பது உறைக்கிறது.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்று பொருள். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு முழுப்பெயராக வைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயராகவாவது, காதணி விழா அழைப்பிதழில் ‘குப்பாயியின் எள்ளுப்பேத்தி’ என்ற ஒரு வரியாகவாவது அது இருக்கலாம் அல்லவா? அழைப்பிதழ்களில் தாத்தாமாரின் பெயர்களை முழுதாக அச்சிடுகின்ற நாங்கள், பாட்டிமாரை ‘காலஞ்சென்ற திருமதி’ என்று கணவர் பெயரோடு முடித்துவிடுகிறோம்.

பிள்ளைக்குக் குஷ்மிதா என்று பதிந்துவிட்டார்கள். நல்ல பெயர், எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. குழுவில் என் பக்கம் பேசியவர் அப்பாயியின் மூத்த மகளான எங்கள் அத்தை மட்டுமே. அவருக்குத் தட்டச்சு வராது; குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

“எங்க அம்மாவுக்கு முந்திப் பொறந்த மூணுக்கும் நல்ல பேருதான்யா வச்சாங்களாம். ராஜாத்தி, சரஸ்வதி, தங்கராசு. நல்ல பேரா வச்சித்தான் மூணையும் மண்ணுல போட்டாங்க.”

அந்த மூன்று பெயர்களையும் அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். எழுதிவரும் குடும்ப மரத்தில் அப்பாயியின் பெயருக்கு முன்னே மூன்று கட்டங்கள் வரைந்து அவற்றை எழுதினேன். நான்காவது கட்டத்தில் இருந்த குப்பம்மாவை அடித்துவிட்டுக் குப்பாயி என்று திருத்தினேன்.