ஒரு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் நடந்த புத்தக வெளியீட்டைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். படங்கள் எல்லாம் உங்கள் பக்கங்களிலேயே வந்துவிட்டன. யார், எந்தப் புத்தகம் என்று நான் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் மாட்டேன். கீழே வந்து நீங்களும் பெயர் போடாதீர்கள், அழித்துவிடுவேன். நேற்று இரவு ஒருவர் இன்பொக்ஸில் வந்து, "அக்கா, நீங்கள் கொஞ்சம் பெருந்தன்மையா இருக்கலாம்தானே" என்றார். பெருந்தன்மையாகப் படுத்துப் பார்த்தேன். நித்திரை வரவில்லை.

விஷயம் தெரியாத ரெண்டொருவருக்காகச் சுருக்கமாக. 2022 செப்டெம்பர் கடைசியில் பொன்னியின் செல்வன் முதற்பாகம் திரைக்கு வந்த கையோடு எங்கள் கூட்டத்தில் பாதிப்பேருக்கு ஃபேன் ஃபிக்ஷன் பைத்தியம் பிடித்தது, அதுதான் பிடித்த கதையின் மாந்தரை எடுத்து ரசிகர்கள் எழுதும் கதை, சுருக்கமாக ஃபிக். இந்த ஃபிக் அப்போது தொடங்கியதுதான். பூங்குழலி கோடிக்கரையில் இல்லை, மன்னார் பேசாலையில் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஓட்டுகிறாள். வந்தியத்தேவன் கொழும்பிலிருந்து செய்தி எடுக்க வரும் வாய்க்கொழுப்பு நிருபர். குந்தவை கொட்டாஞ்சேனையில் சட்டத்தரணி. கதை வாசிக்கிற ஆப் ஒன்றில் கிழமைக்கு ரெண்டு யூடி, அதாவது புது அத்தியாயம். அந்த நாட்களில் தினமும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் போகும். போனில் மிச்சமிருக்கும் பதினெட்டு வீத சார்ஜை வைத்துக்கொண்டு இருட்டில் இருந்து வாசிப்போம், கொமென்ட் போடுவோம், அடுத்தது எப்போது என்று அரிப்போம். இப்படி 64 அத்தியாயம்.

இப்போது அது நாவல். விலை 1,800 ரூபாய். ஆப்பில் இருந்தது ஒரே இரவில் காணாமல் போய்விட்டது, எங்கள் கொமென்ட்களும் அதோடு சேர்ந்து போய்விட்டன. முன்னுரையில் "கதையும் மாந்தரும் முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை" என்று அச்சாகியிருக்கிறது.

புத்தகமாகப் போட்டதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதை விற்பதிலும் இல்லை. நல்லாக எழுதக்கூடிய பிள்ளை, எழுதட்டும், விற்கட்டும். "இது இன்ன கதையின் ரசிகர் புனைவாகத் தொடங்கியது, இத்தனை பேர் கூட இருந்து வாசித்தார்கள்" என்று ஒரு வரி. நான் கேட்பது அவ்வளவுதான்.

பெயர் மாற்றின கதையைச் சொல்கிறேன். பூங்குழலி மலர்விழி ஆகிவிட்டாள். வந்தியத்தேவன் வசந்தன். கணினியில் "வந்தியத்தேவன்" என்று தேடி மாற்றினால், னகரத்துக்குப் புள்ளி உள்ள இடம் மட்டும்தான் மாறும். வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி போய்விடுகிறதே. "வந்தியத்தேவனை", "வந்தியத்தேவனுக்கு" எல்லாம் அப்படியே குந்திக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். திருத்தியிருக்கிறார், பாவம், 117ஆம் பக்கத்தைத் தவிர. அங்கே மலர்விழி அலையைப் பார்த்தபடி "வந்தியத்தேவனுக்கு" பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கிறாள். முழுக்க முழுக்கச் சொந்தக் கற்பனைக்குள் வாணர்குலத்து வீரன் எப்படி வந்தான்? குதிரையில் வந்திருப்பான்.

"சட்டப்படி பிழையா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. கல்கி காலமானது 1954இல். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரைதான் உரிமை. அதுவும் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் எப்போதோ நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள். அப்படியென்றால் இன்னும்தான் எனக்கு விளங்கவில்லை. எடுத்தேன் என்று சொன்னால் யார் வந்து வழக்குப் போடப் போகிறார்கள்?

விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதவில்லையா என்று ஒரு தம்பி கேட்டார். எழுதினார். பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்துதான் கதை போகிறது என்று எழுதியவருக்கும் தெரியும், வாசித்தவர்களுக்கும் தெரியும். உங்கள் உதாரணம் என் பக்கம் வந்து நிற்கிறது தம்பி. கம்பனையும் இழுத்தீர்கள். வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் மூன்று பேர், அவர்களில் முந்தியவர் சொன்னபடிதான் நான் தமிழில் சொல்கிறேன் என்று கம்பன் பாயிரத்திலேயே பாடி வைத்திருக்கிறான். பத்தாயிரம் பாட்டுக்கு மேல் பாடினவனுக்கு அதைச் சொல்ல ஒரு பாட்டுக்கு இடம் இருந்தது. புதுமைப்பித்தன் அகலிகையை எடுத்துச் சாபவிமோசனம் எழுதியபோது, ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல்கூடப் போகலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்று தலையிலேயே போட்டார். திமிர்தான், ஆனால் ஒளிக்கவில்லையே.

அப்புறம் அந்த "வெளிநாட்டில் எல்லாரும் செய்கிறார்கள்" கட்சி. ஓம், செய்கிறார்கள். ட்வைலைட் ஃபிக்காக இருந்ததுதான் 2011இல் ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே ஆகி நூறு மில்லியன் பிரதிக்கு மேல் விற்றது. அங்கே மூலக்கதையின் உரிமையாளர்கள் உயிரோடு, வழக்கறிஞர்களோடு இருக்கிறார்கள். பெயரை மாற்றாமல் விற்க ஏலாது. இருந்தும் எங்கே ஒளிக்கிறார்கள்? தி லவ் ஹைப்போதிசிஸ் ஸ்டார் வோர்ஸ் ஜோடியை வைத்து எழுதிய ஃபிக் என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஜோடியில் வில்லனாக நடித்தவர் அடம் டிரைவர், நாவலின் நாயகனுக்கும் பெயர் அடம்! ஹரி பொட்டர் கதையின் ட்ராகோவையும் ஹெர்மயனியையும் வைத்து எழுதப்பட்ட ஒன்று 2025 செப்டெம்பரில் அல்கமைஸ்ட் (Alchemised) என்று வந்ததே, அதை இணையத்திலிருந்து எடுக்கப் போகிறேன் என்று எழுதியவர் மாதக்கணக்கில் முன்னரே சொல்லிவிட்டார். வாசித்தவர்கள் வாசித்தார்கள், சேமித்தவர்கள் சேமித்தார்கள். எங்களுக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை.

எங்கள் தங்கச்சிக்கு வழக்குப் பயம் இல்லை. பிறகு என்ன பயம்? எனக்குத் தெரியும், சொன்னால் கோபிப்பீர்கள். வெட்கம். சினிமா பார்த்துவிட்டு ஆப்பில் எழுதியது என்று தெரிந்தால் மேடையில் இருந்த பெரியவர்கள் "அசலான குரல்" என்று சொல்வார்களா? பொன்னாடை வருமா? கொமென்ட் பகுதியில் இதயம் இதயமாகப் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் இலக்கியத்துக்கு முன்னால் நிறுத்தக்கூடிய சனம் இல்லை. கலியாண வீட்டுக்கு விடிய விடிய இருந்து பலகாரம் சுட்டவர்களைப் படம் எடுக்கும் நேரம் குசினிக்குள் போகச் சொன்னமாதிரி.

முந்நூறு பிரதிதான் அடித்தார், அச்சுக்கூலி கையால் போட்டார், லாபம் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அது உண்மையாக இருக்கும். காகித விலை எனக்கும் தெரியும். நன்றி சொல்ல எத்தனை தாள் கூடப் போயிருக்கும்?

பொறாமை என்று சொல்கிறவர்களுக்கு: நான் ஏ.எல் படிக்கும்போது நாலு கவிதை எழுதி, அதோடு நாட்டுக்கு நல்லது செய்தவள். என்னிடம் புத்தகம் போட எதுவுமே இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் முடிக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

1990இல் பேசாலையிலிருந்து இரவோடிரவாக வள்ளத்தில் இராமேஸ்வரம் போனோம். எனக்கு ஆறு வயது. அம்மா எதையெதையோ விட்டுவிட்டு வந்தவள், வறுத்து இடித்த கறித்தூள் அடைத்த நெஸ்டமோல்ட் ரின்னை மட்டும் மடியில் வைத்திருந்தாள். கடல் தண்ணி ரின்னுக்குள் போய்விட்டது. மண்டபம் முகாமில் பேப்பர் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கல் வைத்து, அந்தத் தூளை வெயிலில் காயப்போட்டாள். ஒரு மாதம் உப்புப் போடாமல் கறி வைத்தாள், தூளிலேயே உப்பு இருந்தது.

31ஆம் அத்தியாயத்துக்குக் கீழே இதை நான் எழுதினேன். கரண்ட் இல்லாத ஒரு இரவில். அம்மா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. "அக்கா இதை நான் எடுக்கட்டா" என்று தங்கச்சி கேட்டார். "எடு பிள்ளை" என்றேன். ஓம், நான்தான் எடுக்கச் சொன்னேன், அதை மறைக்கவில்லை. ரெண்டு அத்தியாயம் தள்ளி பூங்குழலியின் தாய் தூள் காயப்போட்டாள். கீழே "தூள் ரின் தந்த அக்காவுக்கு" என்று போட்டிருந்தார். எத்தனை தரம் திறந்து திறந்து பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

புத்தகத்தில் 143ஆம் பக்கம். கீழே ஒன்றும் இல்லை. சொந்தக் கற்பனை.

"நீங்கள்தானே குடுத்தனீங்கள்" என்கிறீர்கள். குடுத்தேன். எங்கேயிருந்து வந்தது என்று எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் குடுத்தேன். இன்னொன்று. அம்மாவைப் பற்றி நான் அவ்வளவு நீளமாக எழுதியது அந்த ஒரு கொமென்ட்தான். கொப்பி எடுத்து வைக்கவில்லை. அது அங்கேயே இருக்கும் என்று நினைத்தேன். யாராவது அப்போது ஸ்கிரீன்ஷொட் எடுத்திருந்தால் அனுப்புங்கள். 31ஆம் அத்தியாயம், 2022 கடைசி அல்லது 2023 தொடக்கமாக இருக்க வேண்டும்.

பி.கு.: 143ஆம் பக்கத்தில் தண்ணி பட்ட தூள் "கறுத்துப்போயிருந்தது" என்று இருக்கிறது. கறுக்கவில்லை. கட்டிபட்டது. அம்மா கட்டியை விரலால் நசுக்கி நசுக்கி உடைத்தாள், அந்தக் கையோடு தெரியாமல் என் கண்ணைத் துடைத்துவிட்டு, நான் கத்திய கத்துக்கு அவளும் சேர்ந்து அழுதாள். அதையும் கொமென்டில் எழுதியிருந்தேன். அதை எடுக்கவில்லை.