தலைவருக்கு எதற்குக் கார்?

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. அக்கா மகன் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். பகலில் கம்ப்யூட்டர் வேலை, மற்ற நேரத்தில் ஊர்த் தீயணைப்புக் குழுவில் தன்னார்வலர், சம்பளம் கிடையாது. இந்த வருடம் அவனைத் துணைத் தலைவராக்கியிருக்கிறார்கள். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் வரிப்பணத்தில் ஆளுக்கொரு அவசர வண்டி வாங்கலாமா என்று அங்கே பேச்சு நடக்கிறதாம். அவன் சொன்னதுதான் தாமதம், "ஓசிக் காரா?", "வீட்டுக்கு வேற ஓட்டிட்டுப் போவியா?" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

தப்புச் சொல்ல முடியாது. கார் வாங்க எடுக்க வேண்டிய சிஓஇ என்கிற உரிமைச் சான்றிதழ் மட்டுமே 100,000 வெள்ளியைத் தாண்டிப் பார்த்த சிங்கப்பூர் இது. யாருக்காவது கார் சும்மா கிடைக்கிறது என்றால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் முதலில் எரிந்தது.

ஆனால் நம் கணக்கு அங்கே செல்லாது. என் மகன் தேசிய சேவையைத் தீயணைப்பு நிலையத்தில்தான் செய்தான். 24 மணி நேரம் வேலை, அப்புறம் 48 மணி நேரம் ஓய்வு. அந்த ரோட்டாவின், அதாவது அந்த முறைவேலைக் குழுவின், கமாண்டரும் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுப்பார். 995-க்கு அழைப்பு வந்தால் எல்லாரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டியதுதான், தீ என்றால் 8 நிமிடத்துக்குள் போய்ச் சேர்வது இலக்கு. அப்படி இருக்கிற இடத்தில் கமாண்டர் வீட்டு வாசலில் சைரன் வைத்த வண்டி எதற்கு?

அக்கா மகன் ஊரில் ராத்திரி நிலையத்தில் ஆளே இருக்காது. அமெரிக்கத் தீயணைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் தன்னார்வலர்கள்தான். அழைப்பு வந்ததும் அவரவர் படுக்கையிலிருந்து எழுந்து, நிலையத்துக்கு ஓடி, பெரிய வண்டியை எடுக்க வேண்டும். தலைவர் மட்டும் நிலையத்துக்குப் போகாமல் நேராகத் தீப்பிடித்த வீட்டுக்குப் போகிறார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறதா, எந்தப் பக்கம் எரிகிறது, தண்ணீர் லாரி வேண்டுமா, பக்கத்து ஊரைக் கூப்பிடலாமா என்று ரேடியோவில் சொல்வது அவர்தான். பின்னால் வருகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் வருகிறார்கள்.

அந்த மாநிலத்தில் சாதாரணத் தன்னார்வலர் சொந்தக் காரில் நீல விளக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது 'கொஞ்சம் வழி விடுங்கள்' என்று கேட்பதோடு சரி. சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்கத்தான் வேண்டும். தலைவர்களுக்குச் சிவப்பு விளக்கும் சைரனும் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. கார்? அது அவர்கள் பாடு!

என் மனதை மாற்றியது இதெல்லாம்கூட இல்லை. வீடியோ காலில் அவன் தன் காரின் பின்கதவைத் திறந்து காட்டினான். ஹெல்மெட், பூட்ஸ், இரண்டு நாளுக்கு முன் ஒரு கராஜ் தீயில் போட்டிருந்த கோட்டு. "இன்னும் புகை நாத்தம் போகல மாமா" என்றான். அதற்கு ஒரு முழம் முன்னால் பிள்ளையின் கார் சீட், அதில் பாதி தின்ற பிஸ்கட். தீயணைப்பு வேலையே புற்றுநோயை உண்டாக்கும் தொழில் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அந்தக் கோட்டும் குழந்தையும் ஒரே காருக்குள். ஓசிக் கார் என்று கேலி செய்த என் அக்காவுக்கு அவள் பேரப்பிள்ளை என்பது ஞாபகம் வந்ததா தெரியவில்லை.

அதனால் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஆளுக்கு இல்லை, பொறுப்புக்கு. அவன் ஊரைவிட்டு விடுமுறைக்குப் போனால் சாவி அடுத்தவர் கைக்குப் போக வேண்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டியும் கண்ணைப் பறிக்கிற பெரிய எஸ்யூவியாக இருக்க வேண்டியதில்லை. நம்மூரில் பெரிய தீயணைப்பு வண்டி இருக்கும்போதே ரெட் ரைனோ என்கிற சின்னத் தீயணைப்பு வண்டியையும் கொண்டுவரவில்லையா? சூப்பர்மார்க்கெட் வாசலில் அந்த வண்டி நின்றால் போட்டோ எடுத்துப் போடுவார்கள், போடட்டும். அழைப்புக்குக் காத்திருக்கிறவன் பால் வாங்கப் போகும்போது வண்டியை வீட்டில் விட்டுப் போனால்தான் எனக்குக் கோபம் வரும்.

முடிவெடுக்க இன்னும் சில மாதம் ஆகுமாம். அதுவரை அந்தக் கோட்டை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைடா என்று சொல்லியிருக்கிறேன். சரி மாமா என்றான், வாங்கினானா என்று சனிக்கிழமை கேட்க வேண்டும்.