பிங்க் பலூன் வேண்டாம், அரைநாள் லீவு கொடுங்க

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் போதும், சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பாதி ஆபீஸ் ரிசப்ஷன் பிங்க்காக மாறிவிடும். பலூன், கப் கேக், ரிப்பன் குத்திய செல்ஃபி, ஞாயிறு காலை பெசன்ட் நகர் பீச்சில் ஒரு வாக்கத்தான். நடக்கட்டும். ஆனால் அதே ஆபீஸில், "மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கணும், நாளைக்கு மதியம்தான் வருவேன்" என்று ஒரு அக்கா மேனேஜரிடம் சொல்ல முடிகிறதா? வயிற்று வலி என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

என் கட்சி இதுதான்: விழிப்புணர்வு போதுமான அளவு இருக்கிறது. இல்லாதது நேரம்.

30 வயதிலிருந்து 65 வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை வாய், மார்பகம், கர்ப்பப்பைவாய் பரிசோதனை என்று அரசு வழிகாட்டுதலே இருக்கிறது. வாய்ப் பரிசோதனை ஆண்களுக்கும்தான். கேட்டுக்கு வெளியே டீயும் சிகரெட்டுமாக நிற்கிற கூட்டத்துக்கு யார் இதைச் சொல்கிறார்கள்? ஓ.எம்.ஆர். தொடங்குகிற மத்திய கைலாஷுக்குக் கூப்பிடு தூரத்தில், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தினமும் கம்பெனி பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறோம். சம்பளம் பிடிக்காத அரைநாள், காரணம் கேட்காத அரைநாள் கொடுத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

அதை விட்டுவிட்டு, மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில், புற்றுநோயின் தடயத்தை ரத்தத்தில் தேடும் 'கேன்சர் மார்க்கர்' பரிசோதனையைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சி.ஏ. 125, சி.இ.ஏ. போன்ற இந்த மார்க்கர் பரிசோதனைகள் எல்லாம் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதே இல்லை. வேறு காரணத்தால் அளவு கூடினாலும் வீடே கலங்கிவிடும்.

சரி, நோய் என்று தெரிந்துவிட்டது. அப்போது ஹெச்.ஆர். சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்: "லாங் லீவு எடுத்துக்கோங்க, உடம்புதான் முக்கியம்." கேட்க நன்றாக இருக்கும். பல பேருக்குச் சிகிச்சை அப்படி நடப்பதில்லை. நிறைய கீமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஏற்றிய சில நாள் எழவே முடியாது. அடுத்து வெள்ளை அணுக்கள் குறைகிற நாட்கள், ஏ.சி. ஹாலில் நாற்பது பேர் இருமலுக்கு நடுவே உட்காரக் கூடாது, ஆனால் வீட்டிலிருந்து கொஞ்சம் வேலை பார்க்கலாம். மூன்றாவது வாரம் ஓரளவு பழைய ஆளாகிவிடுவார்கள். ரேடியேஷன் வேறு கணக்கு. மேசையில் சில நிமிடம்தான், ஆனால் வாரம் ஐந்து நாள், வாரக்கணக்காகப் போக வேண்டும். அவர்களுக்கு ஆறு மாத விடுப்பைவிட, தினம் மூன்று மணி நேரம் விட்டுக்கொடுக்கிற ஷிஃப்ட் பெரிய உதவி. வேலையை விட்டால் குரூப் இன்சூரன்ஸும் போய்விடும் என்பதால்தான் பலர் முடியாத உடம்போடும் லாகின் செய்கிறார்கள்.

அந்த இன்சூரன்ஸையும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். மாத்திரையாகச் சாப்பிடும் கீமோவுக்கும் இம்யூனோதெரபிக்கும் (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) தனி உச்சவரம்பு போட்டிருக்கலாம். அதைப் பேரம் பேசி உயர்த்த வேண்டியது கம்பெனி, மருத்துவமனை கவுன்ட்டரில் நிற்கிற ஊழியர் இல்லை.

இன்னொன்று, வாயை மூடிக்கொள்வது. அனுமதி கேட்காமல் டீம் மீட்டிங்கில் "நம்ம ஃபைட்டர்" என்று கைதட்ட வைக்காதீர்கள். முள் சீத்தாப்பழம் சாப்பிட்டால் புற்றுநோய் போய்விடும் என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்களை குரூப்பிலிருந்தே தூக்கலாம், தப்பில்லை.

எனக்கு ரொம்ப உறுத்துவது, இந்தப் பேச்சில் எங்குமே வராத ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் செக்யூரிட்டி அண்ணன்களும். கான்ட்ராக்ட் ஆட்கள், மாஸ்டர் செக்கப் கிடையாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. புற்றுநோய்க்கு அதில் நீட்டித்த நோய்க்கால உதவி என்று ஒன்று இருக்கிறது: குறைந்தது இரண்டு வருடம் வேலையில் இருந்து சந்தாவும் ஒழுங்காகப் போயிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. இது தெரியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. கான்ட்ராக்டர் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று மாதாமாதம் பார்க்க வேண்டியது கம்பெனிதான். பலூன் கட்டுகிற அதே லிஃப்ட் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் இதை ஒட்டுங்கள். இந்த அக்டோபருக்கு அது போதும்.