ஆள் இல்லாத ஊருக்கு ஒரு மேயர்

பிரான்சின் வடகிழக்கில், வெர்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெரி என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை பூஜ்யம். பெயருக்குக்கூட ஒரு குடித்தனம் கிடையாது. ஆனால் அரசுக் கணக்கில் அது இன்றைக்கும் தனிக் கிராமம்தான். மாவட்ட நிர்வாகம் நியமிக்கிற மூன்று பேர் குழு ஒன்று உண்டு. அதன் தலைவர்தான் ஊருக்கு மேயர் மாதிரி.

முதல் உலகப் போருக்கு முன்னால் அங்கே 422 பேர் இருந்தார்கள். விவசாயம்தான் பிழைப்பு. 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மன் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியதும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் கோடையில் மட்டும் ஊர் 16 முறை கைமாறியது. கடைசியில் சுவர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகளும் உடல்களும் கிடந்ததால், இனி இங்கே குடியேறக்கூடாது என்று அரசு அந்த நிலத்தைச் ‘சிவப்பு மண்டலம்’ ஆக்கியது. இப்படி அழிந்த ஊர்கள் வெர்டனைச் சுற்றி ஒன்பது. போர்வீரர்களுக்குக் கொடுக்கும் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தவர்’ என்ற சிறப்பை இந்த ஊர்களுக்கும் கொடுத்தார்கள்.

நான் போயிருந்தபோது நல்ல வெயில். தரை முழுக்க மேடும் பள்ளமும். குண்டு விழுந்த குழிகளின் மேல் புல் படர்ந்திருக்கிறது. மரங்களுக்கு நடுவே நடைபாதை. ஓரமாகச் சின்னச் சின்ன அடையாளங்கள்: இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம், இங்கே துணி துவைக்கும் துறை, இது ஒரு விவசாயியின் வீடு. அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் துவோமோன் எலும்பு மண்டபம் இருக்கிறது. பெயர் தெரியாத 1,30,000 வீரர்களின் எலும்புகள் அங்கே. அந்த எண்ணிக்கை என் மனதுக்குள் முழுசாக இறங்கவே இல்லை. ரொட்டிக்கடை இறங்கியது. காலையில் அங்கே யார் முதலில் வந்து நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன்.

ஆளே இல்லாத ஊருக்கு எதற்கு நிர்வாகம், பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒன்பது ஊர்களில் இரண்டான துவோமோனும் வோவும் 2019-இல் ஒரே ஊராகச் சேர்ந்தன. சரி, அங்கே கொஞ்சம் பேராவது வாழ்கிறார்கள், அது அவர்கள் முடிவு. ஃப்ளெரிக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? பெயரை எடுத்துவிட்டால் அந்த அடையாளங்களெல்லாம் ஏதோ ஒரு காட்டில் நட்ட அறிவிப்புகள் ஆகிவிடும். பெயர் இருக்கிறவரைக்கும்தான் ஒருவர் வந்து நின்று, ‘இது எங்கள் பாட்டி ஊர்’ என்று சொல்ல முடியும். கோட்டையையும் தேவாலயத்தையும் காப்பாற்றுவது பெரிய விஷயம்தான். ஒன்றுமே மிஞ்சாத இடத்தில் ஓர் ஊரின் பெயரைக் காப்பாற்றுவது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்த மண் இன்னும் அடங்கவில்லை. 2013-இல்கூட இங்கே 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் கிடைத்தன.

வெர்டன் பக்கம் போகிறவர்கள் பெரிய போர் அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அது நிற்கிற இடமே ஃப்ளெரியின் பழைய ரயில் நிலையம்தான். ஊர் அங்கிருந்து நடக்கிற தூரம்.