உமரி என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

கடலோரச் செடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், உப்புச் சதுப்பில் வளரும் உமரியெல்லாம் ஒன்று என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளப் பக்கம் வந்து பாருங்கள், கீரைக்குப் பறிக்கிற இலை உமரி வேறு, டெக்டிகார்னியா இண்டிகா என்று அறிவியல் பெயர் கொண்ட உமரி வேறு; இதில் இலை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, கணுக்கணுவாகச் சாறு நிறைந்த தண்டுதான், பூவும் அந்தக் கணுவுக்குள்ளேயே புதைந்திருக்கும், மகரந்தப்பை வெளியே நீட்டினால்தான் பூத்ததே தெரியும். 2007 வரை ஹாலோசார்சியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். இதன் சொந்தபந்தமெல்லாம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரிகளில்! தண்டுக்கீரைக் குடும்பம்தான் இதுவும், சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். அப்புறம், இவை வளர்கிற அந்த உப்புச் சதுப்பைத் ‘தரிசு’ என்று எழுதியதுதான் எரிச்சல். இறால் பண்ணைக்கு வெட்ட வருகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.