ஆர்22 கல்லுப்போல விழாது: ஒரு திருத்தம்
இரத்மலானைப் பக்கம் பறக்கும் சின்ன ஹெலிகொப்டர்கள் பற்றிய பேச்சில், "ரொபின்சன் ஆர்22 இல் எஞ்சின் நின்றால் கல்லுப்போல விழும், ஆர்44 என்றால் மட்டும் சுழன்றபடி இறங்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. இரண்டுமே எஞ்சின் இல்லாமல் இறங்கக்கூடியவை. இறங்கும்போது கீழிருந்து மேலே வரும் காற்றே ரோட்டரை, அதாவது தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளை, சுழற்றும்.

வித்தியாசம் அவகாசத்தில்தான். ஆர்22 இன் இறக்கைகள் இலேசானவை, அதனால் சுழற்சி மளமளவென்று குறையும். இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் லீவரை உடனே கீழே தள்ளவேண்டும், யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. சுழற்சி வேகம் 97% க்குக் கீழே போனால் எச்சரிக்கை ஹோர்ன் அடிக்கும். 80% அளவுக்கு இறங்கவிட்டால் இறக்கைகள் ஸ்டால் ஆகிவிடும், அதாவது தூக்கும் விசையை இழந்துவிடும், அதற்குப் பிறகு மீட்க வழியே இல்லை. "கல்லுப்போல" என்ற கதை இங்கிருந்து வந்திருக்கலாம். ஆர்44 இன் ரோட்டர் பாரமானது, கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும், அவ்வளவுதான்.

சரிபார்ப்பது சுலபம். விமானியின் கைநூல்கள் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. மூன்றாம் பிரிவில் அவசரகால நடைமுறைகளைப் பாருங்கள்: எஞ்சின் இல்லாமல் போகக்கூடிய தூரம், ஆர்22 க்கு 75 நொட் வேகத்தில் 1500 அடி உயரத்துக்கு ஒரு கடல் மைல், ஆர்44 க்கு 90 நொட்டில் 1300 அடிக்கு ஒரு கடல் மைல். கல்கிசைக்கு மேலே 1500 அடியில் ஆர்22 இன் எஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளில், கிட்டத்தட்ட 1.85 கிலோமீற்றர் போகலாம். கல்லு அப்படிப் போகாதே! தரையிலிருந்து சுமார் 40 அடியில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும் படியும் அதே பக்கங்களில் இருக்கிறது.